இடப்பக்கம் வைக்க வேண்டியவை

கரகரவென்று ஒரு சத்தம். யாரோ பெரிய சீப்பு ஒன்றை எடுத்துச் சிமென்ட் தரைக்குத் தலை வாரிவிடுவது போல. ஞாயிற்றுக்கிழமைக் காலை, காபி பாதியில் இருந்தது. அந்தச் சத்தத்துக்கு என் முதுகுதான் முதலில் நிமிர்ந்தது, மூளை பிறகு வந்து சேர்ந்தது. வளையம் வளையமாக மடிப்பு வைத்த பிளாஸ்டிக் ஹோஸைத் தரையில் இழுத்தால் மட்டுமே வரும் சத்தம் அது. முதுகெலும்புத் தட்டு விலகியது, வேலையிலிருந்து நானும் விலகினேன். நரை முழுசாக விழுவதற்கு முன்பே ஓய்வு பெற்றவன் என்ற கௌரவத்தோடு, ஹூஸ்டனை ஒட்டிய இந்தப் பேர்லேண்ட் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் காது மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது போலும்.

எதிர்வீட்டு டிரைவ்வேயில் கார்த்திக் நின்றிருந்தான். இன்டர்நெட்டில் நாய்க்குட்டிகளுக்குச் சட்டை விற்று உலகை மாற்றப் போகிற கம்பெனியில் இருந்தவன். உலகம் மாறவில்லை, கம்பெனி காணாமல் போய்விட்டது. போகும்போது கையில் கொடுத்த தொகையில் பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கியிருந்தான், தன்னைத் தானே தேடிக் கண்டுபிடிக்க. இப்போது அதன் கழிவு ஹோஸை, முதல் குழந்தையைத் தூக்கும் அப்பனைப் போல, உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், நீங்க இந்த ஃபீல்டுல இருந்தீங்கன்னு ஆன்ட்டி சொன்னாங்க. இத எங்க வைக்கிறது? க்விக்கா ஒரு ஐடியா குடுங்களேன்."

ஃபீல்டு. என் மனைவி, டெக்சாஸின் நோயாளிகளை இரவு பகலாகக் காப்பாற்றும் நர்ஸ், என் உத்தியோகத்துக்கு ஒரு பதவி உயர்வு கொடுத்திருக்கிறாள். சந்தோஷம். ஆனால் க்விக்காக என்றால் எப்படி? என் இளமையின் கடைசித் துண்டு முழுவதும் அந்த ஹோஸுக்குள்தான் போயிற்று.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் ஹோம் என்பது சக்கரம் வைத்த வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உண்டு. விற்கிறவன் காட்டும் படத்தில் சூரியன் மறைந்துகொண்டிருக்கும், கணவனும் மனைவியும் கண்ணாடிக் கோப்பையோடு அதை வழியனுப்பிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு அடியில் தொங்கும் இரண்டு டேங்குகள் படத்தில் இருக்காது. ஒன்று கழிப்பறைக்கு, இன்னொன்று பாத்திரம் கழுவியதற்கும் குளித்ததற்கும். அவை நிறைந்ததும், அதற்கென்றே தரையில் குழி வைத்திருக்கும் இடத்துக்கு ஓட்டிப் போய், கெண்டைக்கால் பருமனுள்ள ஹோஸை மாட்டி, வால்வைத் திறந்து, மனித குலத்தின் உண்மையை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் நாகரிகத்தின் ஆதாரக் கேள்வி. அந்த ஹோஸை எங்கே வைப்பது?

நர்ஸின் கணவனாக, கிரீன் கார்டோடு, மெக்கானிக்கல் டிப்ளோமாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் ஹூஸ்டனில் வந்து இறங்கியது தொண்ணூறில். அமெரிக்கா என் டிப்ளோமாவை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கடைசியில் வேலை கொடுத்தவர் சுலைமான் பாய். கீழக்கரைக்காரர். ஊரின் தென்கோடியில், ஃப்ரீவே ஓரம், மோட்டார் ஹோம் வாடகைக்கு விடும் யார்டு வைத்திருந்தார். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் வாரம் கழுவினேன். இரண்டாவது வாரமும் கழுவினேன். அதன் பிறகு பதவி உயர்வு பெற்று, கழுவுவது எப்படி என்று வாடகைக்கு எடுப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

பாய் இந்தத் தொழிலில் வெள்ளைச் சட்டை போடுவார். முழுக்கை, மடிப்புக் கலையாத இஸ்திரி. அவரிடம் இருந்த ஒரே விளம்பரப் பலகை அதுதான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பாக வைத்த சாமானைப் பார்த்தால் பேச மாட்டார், தாடையால் சுட்டுவார். ஒரு தரம் சுட்டினால் எடுத்து மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் இன்னொரு தரம் சுட்டுவார். அந்த இரண்டாவது சுட்டலைத் தாங்கியவர்கள் மறுநாள் வேறு வேலை தேடிப் போயிருக்கிறார்கள்.

யார்டில் இரண்டு ஹோஸ்கள். குடிதண்ணீர் பிடிக்க வெள்ளை, கழிவுக்குப் பழுப்பு. வெள்ளை வலப்பக்கச் சுவரில், பழுப்பு இடப்பக்கச் சுவரில். வண்டிக்குள்ளும் அப்படியே. வலப்பக்கப் பெட்டியில் வெள்ளை. இடப்பக்கப் பெட்டியில் மூடி போட்ட வாளி. அதற்குள் வளைந்த எல்போ, அடாப்டர், ரப்பர் வளையம், கையுறை. பழுப்பு ஹோஸ் பின் பம்பருக்குள். பின் பம்பர் உள்ளே கூடான சதுர இரும்புக் குழாய். அமெரிக்கன் அதன் வயிற்றுக்குள் ஹோஸைப் படுக்கவைத்து இரு முனையிலும் மூடி போட்டுவிடுகிறான். வெளியிலிருந்து பார்த்தால் மினுமினுக்கும் பம்பர். மினுமினுப்புக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காதவரை எல்லாரும் கனவான்கள்தான்.

"அமெரிக்காக்காரன் எதுல கோட்ட விட்டாலும் இதுல விடல, புலவரே," என்பார் பாய். டீ நேரத்தில் நான் எதையோ கிறுக்கியதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு நான் புலவர். "எல்லா வண்டியிலயும் அந்தக் கழிவு வாய இடப்பக்கந்தான் வெச்சிருக்கான். நம்மாளு எவனோ சொல்லிக் குடுத்திருக்கணும்."

காலை டீக்குத் தண்ணீர் வெள்ளை ஹோஸிலிருந்துதான் பிடிப்பார். உள்ளே நல்ல குழாய் இருந்தும். யார் முந்தின நாள் ஹோஸ்களைச் சுருட்டி வைத்தார்களோ அவர்களுக்குத்தான் முதல் கிளாஸ். நேருக்கு நேர் நின்று, அவன் குடிக்கும்வரை கண் கொட்டாமல் பார்ப்பார். எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்திலும் இதைவிடக் கச்சிதமான தரக் கட்டுப்பாடு கிடையாது. அந்த டீயைக் குடிக்கப் போகிறோம் என்று தெரிந்தவன் பழுப்பைத் தொட்ட கையால் வெள்ளையைத் தொட மாட்டான்.

முறை இதுதான். முதலில் கழிப்பறை டேங்க், பிறகு பாத்திரம் கழுவிய டேங்க். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து, முன்னால் போனதைக் கழுவிக்கொண்டு போகும். வால்வுகளை மூடி, ஹோஸை வண்டிப் பக்கத்தில் கழற்றி, தோளுக்கு மேல் தூக்கி, குழியை நோக்கிக் கைமாற்றிக் கைமாற்றி நடக்க வேண்டும். உள்ளே ஒரு சொட்டுத் தங்கக் கூடாது. அலசிய பிறகு அதன் இரண்டு வாயையும் ஒன்றோடொன்று பூட்ட வேண்டும். வாயோடு வாய் பூட்டிய ஹோஸ் யாரையும் காட்டிக்கொடுக்காது. அப்புறம் பம்பருக்குள். பம்பரின் அடியில் பாய் சிறு துளைகள் போட்டிருந்தார், உள்ளே காற்று ஓட. "அதுவும் மூச்சு விடணுமில்ல?" என்பார், மிகவும் கரிசனமாக. மனிதர்களுக்கு அவர் அவ்வளவு துளை போட்டு நான் பார்த்ததில்லை.

நம் ஊர்க் குடும்பங்கள் வாடகைக்கு வர ஆரம்பித்தது தொண்ணூறுகளின் நடுவில். ஹெச்-ஒன் விசா வந்தது, கேம்ரி கார் வந்தது, அப்புறம் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தார்கள், கிராண்ட் கேன்யன் கூப்பிட்டது. வண்டியைச் சுற்றிக் காட்டும்போது அடுப்பைப் பார்த்து முகம் மலரும். நாலு எட்டில் கக்கூஸ் கதவைப் பார்த்ததும் அதே முகம் சுருங்கும்.

"இது இல்லாம ஒரு மாடல் வருமா?" என்று கேட்டவர்கள் உண்டு. கதவைச் சுற்றி டேப் ஒட்டி சீல் வைத்துவிட்டு, யெல்லோஸ்டோன் வரை போய், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. ஒரு வண்டியில் கக்கூஸுக்குள் முறுக்கு டின்னும் அரிசி மூட்டையும் இருந்தன. கக்கூஸ் தீட்டு, ஆனால் யாரும் போகாத கக்கூஸ் ஸ்டோர் ரூம் என்பது அவர்கள் கண்ட சித்தாந்தம். இன்னொருவர் டேங்குக்குள் ஒரு பெரிய பாட்டில் டெட்டாலை ஊற்றிக் கொண்டுவந்தார். திறந்தபோது அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டு ஒன்று என் காலடியில் ஓடியது. டேங்க் காலியாகத் திரும்பி வந்தால் அமெரிக்கன் சந்தேகப்படுவான். நம் வண்டி காலியாக வந்தால் நான் சந்தேகப்பட மாட்டேன். டெக்சாஸிலிருந்து உட்டா வரை நெடுஞ்சாலையோர ஹாம்பர்கர் கடைகளின் கக்கூஸ்களில் நம் பண்பாடு பரவியிருக்கும்.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்திருப்பேன். பொன்னுசாமி ஐயா வந்தார்.

கரூர்ப் பக்கத்துக்காரர். தறிக் கூடம் வைத்து நடத்தி, ஓய்ந்து, மகனிடம் வந்திருந்தார். மகன் செந்திலுக்கு இங்கே பேர்லேண்டில் வீடு, ஹூஸ்டன் டவுன்டவுனில் டேட்டாபேஸ் வேலை. மகள் கலிஃபோர்னியாவில், டப்ளின் என்ற ஊரில். அவளுக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. அப்பாவை அங்கே கொண்டுபோய் விட வேண்டும். நாலு மணி நேர விமானத்துக்கு ஐந்தாறு நாள் மோட்டார் ஹோம் எதற்கு என்று நான் வாய் தவறிக் கேட்டேன். செந்தில் தன் செருப்பைப் பார்த்தார். பெரியவர்தான் பதில் சொன்னார்.

"எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியாதுங் தம்பி. வந்தா வந்ததுதான். ஊர்லருந்து வரையில பிளேன்ல அந்தப் பொண்ணு சோத்து வண்டிய வழியில நிறுத்திப்போட்டா. இந்தப் பக்கமும் போக முடியல, அந்தப் பக்கமும் போக முடியல. அத்தன சனத்துக்கு நடுவுல வேட்டி நனஞ்சு போச்சு. இனி சாவறமட்டும் பிளேன் ஏற மாட்டேனுட்டேன். எம்பட பேத்தியப் பாக்கறதுன்னா, இப்பிடித்தான்."

சொல்லிவிட்டு, யார்டில் இருந்த ஒவ்வொரு வண்டியின் கக்கூஸிலும் வேட்டியோடு உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் மிகப் பழைய வண்டியைத் தேர்ந்தெடுத்தார். அதில்தான் கதவு அகலம், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் உண்டு. "நம்மூரு பஸ்ஸுச் சீட்ட விடச் சௌரியமுங்க" என்று சான்றிதழ் கொடுத்தார். அந்த வண்டியில் ஒரே குறை. அதைச் செய்த கம்பெனி என்றோ இழுத்து மூடப்பட்டது. அதன் கழிவு வாய் ஊரில் யாருக்கும் இல்லாத அளவு. பாய் தன் கையாலேயே ஒரு அடாப்டர் செய்து, ஹோஸோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு வைத்திருந்தார். அந்த ஹோஸ் இல்லாமல் அந்த வண்டி வெறும் குடுவை.

இதையெல்லாம் நான் விளக்கினேன். செந்தில் "ஓகே, ஓகே, காட் இட்" என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். முழுசாகக் கேட்டவர் அவருடைய மாமியார் ருக்மணியம்மாள் மட்டும்தான். மகள் கவிதாவோடு இருக்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். நூல் சேலை, ஸ்வெட்டர், மருமகன் வாங்கிக்கொடுத்த ஸ்னீக்கர்.

"அப்ப அந்தக் கொழா இந்தப் பம்பருக்குள்ளயே வருமுங்களா?"

"ஆமாங்கம்மா. நல்லா அலசி, பூட்டி வெச்சிருக்கு. சுத்தமா இருக்கும்."

"பம்பருக்கு நேர் மேலதானுங் டிக்கி? அதுலதான் மாவு டின்னு வெக்கிறோம்."

"நடுவுல இரும்புத் தகடு இருக்கும்மா."

"தகடு இருக்கட்டுமுங் தம்பி," என்றார் அவர், சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல. "சுத்தம் வேற, சுத்தபத்தம் வேற."

புறப்பட்ட மூன்றாம் நாள், மதிய டீயின்போது போன் வந்தது. மேற்கு டெக்சாஸில், மோட்டார் ஹோம்கள் இரவு தங்கும் ஒரு கேம்ப்கிரவுண்டின் பொதுத் தொலைபேசியிலிருந்து செந்தில். பாய் ஸ்பீக்கரைப் போட்டார்.

"டேங்க் ஃபுல்னு ரெட் லைட் எரியுது. டிஸ்கனெக்ட் ஆன மாதிரி, ஐ மீன், ஹோஸ் மிஸ்ஸிங்."

"மிஸ்ஸிங்னா?" என்றார் பாய்.

செந்தில் குரலைத் தணித்தார். "அத்தை அத, அந்த வாளியோட சேத்து, வீட்லயே ட்ராஷ்ல போட்டுட்டாங்க. எனக்குக் கிளம்பினப்புறம்தான் தெரியும். பட் ஐ டிட் த மேத். அப்பா ஒருத்தர்தான் யூஸ் பண்ணுவார், மத்தவங்க ரெஸ்ட் ஏரியா. அந்த டேங்க் கபாசிட்டிக்கு கலிஃபோர்னியா வரைக்கும் தாராளமா வரணும்."

தரவுத்தளங்கள் நிரம்பாமல் பார்த்துக்கொள்வது அவர் தொழில் என்பதை நினைவூட்டுகிறேன். கணக்கில் இரண்டு பிழை. ஒன்று, மேற்கு டெக்சாஸில் ரெஸ்ட் ஏரியா என்கிற நெடுஞ்சாலையோரக் கக்கூஸ் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மாவட்டமே இருக்கும். வைராக்கியம் முதல் நாளே முடிந்து, குடும்பம் மொத்தமும் உள்ளேயே போக ஆரம்பித்துவிட்டது. இரண்டு, ருக்மணியம்மாள் ஒவ்வொரு முறையும் போவதற்கு முன் ஒரு பாத்திரம், போன பின் ஒரு பாத்திரம் தண்ணீர் விட்டுக் கழுவினார். டேங்கை நிறைத்தது அசுத்தமில்லை, ஆசாரம்.

கேம்ப்கிரவுண்ட் ஆள் தன்னிடமிருந்த ஹோஸ்களையெல்லாம் மாட்டிப் பார்த்துக் கைவிரித்துவிட்டாராம்.

"அதான் பிளானை மாத்திட்டோம்," என்றார் செந்தில். "நாளைக்கு மத்தியானம் எல் பாஸோலேர்ந்து அப்பாவுக்கு ஃப்ளைட் புக் பண்ணியாச்சு. ரெண்டே மணி நேரம்தான். அங்க தங்கச்சி வந்து பிக்கப் பண்ணிக்குவா."

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "போன அப்பாகிட்ட குடுங்க."

பெரியவர் குரல் காய்ந்துபோயிருந்தது. "நல்லா இருக்கீங்களா பாய்?"

"தண்ணி குடிக்கிறீங்களா ஐயா?"

"இல்லீங். நேத்து மத்தியானத்துலருந்து குடிக்கலீங். குடிச்சாத்தானுங்களே வரும்?"

"குடிங்க. ஆள் வருது."

"வாட்டுமுங்க. வந்தப்புறம் குடிக்கிறேன்."

பாய் போனை வைத்தார். என்னைப் பார்த்து, வாசலில் நின்ற ஹோண்டா காரைத் தாடையால் சுட்டினார். அந்த ஒரு முறைதான் அவர் கை அவசரப்பட்டு நான் பார்த்தேன். ஷெல்ஃபிலிருந்து புது ஹோஸ் எடுத்தார். பழைய வண்டியின் வாயளவு அவருக்கு மனப்பாடம். தடித்த ரப்பர்க் குழாய்த் துண்டு ஒன்றை அறுத்து, விளிம்பைச் சீவி, சோப்புத் தண்ணீரில் தோய்த்து, அடாப்டரின் கழுத்தில் ஏற்றி, கிளாம்ப் வைத்து முறுக்கினார். வெள்ளைச் சட்டையின் மணிக்கட்டில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அதை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சட்டை மாற்றப் போயிருப்பார்.

ஐ-டென் நெடுஞ்சாலையில் மேற்கே போகப் போக நிலம் ஒவ்வொரு மரமாகக் கைவிட்டுக்கொண்டே வந்தது. முதலில் ஓக், பிறகு புதர், கடைசியில் வேலிக் கம்பங்கள் மட்டும். வானம் அவ்வளவு பெரிதாகத் திறந்து கிடக்கும்போது அதன் கீழ் ஒருவன் பின் சீட்டில் கழிவு ஹோஸுக்கு சீட் பெல்ட் போட்டுக் கொண்டு போவதில் ஒரு மகத்துவம் இருந்தே தீர வேண்டும் என்று தேடினேன். அகப்படவில்லை. வழியில் காரிலேயே தூங்கி, மறுநாள் காலை போய்ச் சேர்ந்தேன்.

குடும்பம் மேஜையைச் சுற்றி உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் மட்டும் தள்ளி, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் அவர் பெட்டி, செந்தில் தங்கையின் விலாசம் ஒட்டி, தயாராக.

"வாங்க கண்ணு. என்னையப் பார்சல் கட்டிப்போட்டாங்க. ஸ்டாம்பு ஒட்ட வேண்டியதுதான் பாக்கி."

"அப்பா, ப்ளீஸ்," என்றார் செந்தில். "பிரதர், இது வொர்க் ஆகுமா? பத்து மணிக்கு நாங்க கிளம்பணும். இல்லேன்னா ஃப்ளைட் மிஸ் ஆயிடும்."

வண்டியைக் குழியருகே நிறுத்தி, இடப்பக்கம் மண்டியிட்டு மாட்டினேன். புது மூட்டு என்றால் கழிப்பறை டேங்கை எடுத்த எடுப்பில் திறக்கக் கூடாது. பாத்திரம் கழுவிய டேங்கைக் கொஞ்சம் திறந்து, மூட்டு தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்தேன். நேற்றைய சாம்பார் நிறத்தில் மூட்டிலிருந்து ஒரு சொட்டு. பிறகு ஒரு கோடு. பாயின் மனப்பாடம் ஒரு நூலளவு பிசகியிருந்தது. கிளாம்பை இன்னும் முறுக்கினேன், அதன் மரை வழுக்கிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் பாயின் கைவேலை தோற்றது அன்று ஒருநாள்தான். நல்ல நாளாகப் பார்த்துத் தோற்றது.

"மூட்ட யாராவது ரெண்டு கையால மேல அமுக்கிப் பிடிக்கணும் சார். வால்வு இறுகியிருக்கு, அத இழுக்க எனக்கு ரெண்டு கையும் வேணும்."

செந்தில் ஓரடி பின்னால் போனார். புது ஷூ. "இதுக்கு ப்ரொஃபஷனல்ஸ் யாரையாவது கூப்பிடலாமா?"

"நாந்தாங்க அந்த ப்ரொஃபஷனல்."

பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் தள்ளாடி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். செந்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இட்ஸ் ஓகே, பிரதர். யூ ட்ரைட். ஃப்ளைட்டே பெட்டர்." பெட்டியைத் தூக்கினார்.

அப்போது வண்டியின் படி கிறீச்சிட்டது. ருக்மணியம்மாள் இறங்கி வந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை பிரெட் பாக்கெட் உறைகள், மேலே ரப்பர் பேண்ட். சேலையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தார்.

"மாப்பிள்ள, நீங்க அப்பால போங்க. சூ நனஞ்சு போயிரும்." பிறகு என்னிடம், "எங்கீங் தம்பி புடிக்கோணும்?"

காட்டினேன். உட்கார்ந்தார். மூட்டை இரண்டு கையாலும் பொத்தி மேலே அமுக்கி, முகத்தை மலைகளின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அம்மா, கெட்டியா பிடிச்சுக்கணும். திறந்தா ஹோஸ் ஒரு உதை உதைக்கும்."

"மூச்ச அடக்கிக்கிட்டேனுங். வெரசாத் தெறங்க."

இழுத்தேன். வால்வு முனகி, ஒரே மூச்சில் பின்னால் வந்தது. ஹோஸ் துள்ளியது. குடும்பத்தின் மூன்று நாள் வைராக்கியம் அவர் கைகளுக்கு நடுவே திமிறிக்கொண்டு போயிற்று. அவர் "மருதமலை முருகா, மருதமலை முருகா" என்று மலைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மலைகளுக்கு முருகனைத் தெரியாது. தெரிந்தது போல நின்றன. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

சத்தம் மெலிந்த பிறகு, திரும்பாமலே, தணிந்த குரலில் சொன்னார்: "பேத்தியப் பாக்கப் போறவரு. பிளேன்ல மறுக்கா ஒண்ணு ஆச்சுனா ஊர்ல எம்பட பொண்ணத்தானுங்களே பேசுவாங்க? மாமனாரத் தனியா ஏத்தி உட்டுட்டா மகராசின்னு." பெரிய மனசு என்று நான் எடுத்து வைத்திருந்த வார்த்தையைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டேன். அவருக்கு அது தேவைப்படவில்லை.

இரண்டாவது டேங்கையும் விட்டு, மூடி, கழற்றி, தோளுக்கு மேல் தூக்கி நடந்தேன். அலசினேன். "இன்னொருக்காங்" என்றார். இன்னொரு முறை அலசினேன். "உள்ள வாசம் போச்சுங்களா?" போயிற்று என்றேன். நம்பவில்லை, ஆனாலும் மன்னித்தார். வெள்ளை ஹோஸில் அவர் கை கழுவியதைப் பற்றி எழுத இந்தக் கட்டுரை போதாது.

பிறகு பழைய கேள்வி புதிதாக வந்து நின்றது. எங்கே வைப்பது? பம்பருக்குள்தான் என்றேன். அப்ப மாவு டின்? அவர் டிக்கியையும் பம்பரையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். கடைசியில் மாவு டின்னைத் தூக்கி, முன்னால் டிரைவர் பக்கத்துச் சீட்டில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"அத்தை, அது கவிதா சீட்டு," என்றார் செந்தில்.

"அவ பின்னால உக்காருவா. மாவு வலப்பக்கம் இருக்கட்டும்."

பாயோடு ஒரு நிமிஷம் பேசியவரில்லை, பாயின் சட்டத்துக்குத் தானாகவே வந்து சேர்ந்துவிட்டார். செந்தில் பெட்டியிலிருந்த விலாசச் சீட்டைக் கிழித்தெடுத்து, போன் பூத்தை நோக்கி நடந்தார், டிக்கெட்டைக் கேன்சல் பண்ண.

வண்டி கலிஃபோர்னியா போய்த் திரும்பி வந்தபோது ஹோஸ் வாயோடு வாய் பூட்டி, பம்பருக்குள், நான் வைத்ததைவிட நேர்த்தியாக இருந்தது. நான் கொடுத்தனுப்பிய புது வாளியில் எல்போவுக்குப் பக்கத்தில் நாலு கற்பூரக் கட்டிகள். பாய் அவற்றை வெகுநேரம் பார்த்துவிட்டு, எடுக்காமல் மூடினார். அதெல்லாம் பிறகு.

அன்று காலை அவர்கள் புறப்படும்போது பெரியவர் வெள்ளை ஹோஸைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். தலையை அண்ணாந்து, வாய்க்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஹோஸின் வாய் உதட்டில் படாமல், மடக் மடக்கென்று இறங்குவது கழுத்தில் தெரிய, நிறுத்தாமல் குடித்தார். சட்டை நனைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. ஏறி, கக்கூஸ் கதவுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, ஜன்னலைத் தள்ளித் திறந்தார். செந்தில் வண்டியைக் கிளப்பினார். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டே கூட நடந்தேன்.

"போயிட்டு வாங்க ஐயா."

"வாறனுங் கண்ணு. பாய்கிட்டச் சொல்லிப்போடுங்க, வயிறு முட்டத் தண்ணி குடிச்சேனுங்க."